கால்நடை மருத்துவக் கல்விக்கு இடம் பெறும் வழி

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டென்பதைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். ஏரும் எருதும் பாலும் நெய்யும் ஊரின் உயிராயிருந்த நாட்டிலே கால்நடையைக் காப்பதும் செல்வத்தைக் காப்பதும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. அச்செல்வத்தின் நோய் தீர்க்கும் கல்வியை விரும்பும் மாணவர் நம்மிடையே பலர். ஆயினும் அக்கல்விக்குரிய வாயில் எது, அதனுள் புகும் முறை யாது என்பவற்றை உரிய காலத்தில் அறிந்துகொள்வோர் சிலரேயாவர்.

நம் கலாசாலையின் விலங்கியல் வகுப்பில் ஒவ்வோராண்டும் புதிதாய் வந்தமரும் மாணவரை, "நீவிர் முதலில் விரும்பியது யாது?" என்று வினவினால், "கால்நடை மருத்துவம், ஆனால் இடம் கிடைக்கவில்லை" என்று விடை கூறுவோர் இல்லாமற் போவதில்லை. அவர்களுடைய வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் கேட்டால், சிலர் மதிப்பெண் குறைவால் இடமிழந்தனர் என்பது மெய்யே. மற்றும் சிலரோ, கணக்கிடும் முறையை அறியாமலும், சான்றிதழைக் காலத்தில் பெறாமலும், ஒரு வாயில் அடைபட்டபோது மற்றொரு வாயில் உண்டென்பதை உணராமலும் இழந்தனர். முன்னையது திறமையைப் பற்றியது; பின்னையது அறியாமையைப் பற்றியது. அறியாமையால் ஒரு மாணவனுடைய வாழ்க்கை திசைமாறுதல் வருந்தத்தக்கதன்றோ? ஆகையால் இவ்விஷயத்தை ஈண்டு விரித்துரைக்கத் துணிந்தோம். இக்கட்டுரை நம் மாணவருக்கு மட்டுமன்று. கிராமப் பள்ளிகளில் உபாத்திமைத் தொழில் புரியும் பழைய மாணவருக்கும், மேனிலை வகுப்பிற் பயிலும் தம்பி தங்கையரை உடையவர்களுக்கும் பயன்படுமென நம்புகிறோம்.

முதலில் இக்கல்வியின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். சென்னையில் 1903ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையிலுள்ள டாபின் ஹால் என்னும் மாளிகையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, சின்னாட்களில் வேப்பேரிக்கு இடம் மாறிற்று. பின்னர் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டக் கல்வி வழங்கும் நிலையை எய்திற்று. 1985இல் நாமக்கல்லில் மற்றொரு கல்லூரி எழுந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இந்தியாவில் இத்துறைக்கெனத் தனியே ஏற்பட்ட முதற் பல்கலைக்கழகம் அதுவே. 2012இல் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும், 2020இல் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனியை அடுத்த வீரபாண்டி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் தொடங்கின. இவ்வாறு அப்பல்கலைக்கழகத்தின்கீழ் ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படிப்புக் காலம் ஐந்தரை ஆண்டு. அதில் இறுதி ஓராண்டு, மருத்துவமனையிலும் பண்ணையிலும் நேரே தொழில் பழகும் பயிற்சிக் காலமாகும்.

விண்ணப்பத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுதல் நலம். மனித மருத்துவம் கிடையாமற் போனதற்கு ஈடாக இதனை நாடுகிறோமா, அல்லது இதனையே விரும்பி நாடுகிறோமா? இத்தொழிலில் நோயாளி தன் நோயைச் சொல்லமாட்டான். நள்ளிரவில், மழையில், கன்று ஈன இயலாமல் தவிக்கும் பசுவின் அருகே சேற்றில் முழந்தாளிட்டு நிற்க நேரிடும். வெறிநோய், அடைப்பான் முதலிய நோய்கள் விலங்கினின்றும் மனிதரைத் தொற்றுவன. ஆதலால் அச்சமின்மையோடு எச்சரிக்கையும் வேண்டும். இவற்றை ஏட்டில் வாசித்து அறிதல் போதாது. அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்திற்குச் சென்று, மருத்துவரிடம் அனுமதி பெற்று, விடுமுறையில் ஒரு வாரமேனும் உடனிருந்து காண்க. ஆட்டிற்குக் குடற்புழு நீக்க மருந்து புகட்டுவதையும், கோமாரித் தடுப்பூசி போடுவதையும், சீழ்க்கட்டியைக் கீறுவதையும் கண்டபின்னும் உள்ளம் பின்வாங்கவில்லையாயின், அவ்வுள்ளத்தை நம்பலாம். தமிழ்நாட்டில் இவ்வநுபவத்திற்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆயினும் ஐந்தரை ஆண்டுப் படிப்பின் நடுவே மனமுடையாமல் நிற்பதற்கு இதைப்போன்ற துணை வேறில்லை.

இனி வாயில்களைப் பற்றிக் கூறுவோம். அவை இரண்டு. ஒன்று, மாநில ஒதுக்கீடு. மற்றொன்று, அகில இந்திய ஒதுக்கீடு. பெரும்பாலான இடங்கள் முதல் வாயிலின்பாற்பட்டவை. அதற்கு நீட் தேர்வு வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். பல்கலைக்கழகத்திற்கு இணையவழியே நேராக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது வாயிலின்வழி நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் நிரப்பப்படுகின்றன. அவ்விடங்களை நீட் மதிப்பெண்ணைக் கொண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழு பகிர்ந்தளிக்கின்றது. இதற்குத் தனி விண்ணப்பமும் தனிக் கலந்தாய்வும் உண்டு. நீட் எழுதிவிட்டோம், இடம் தானே வரும் என்று வாளாவிருப்போர் இவ்வாயிலைக் காணாமலே கடந்துவிடுகின்றனர்.

மாநில ஒதுக்கீட்டில் மதிப்பெண் கணக்கிடும் முறையாவது: உயிரியல் மதிப்பெண் நூற்றுக்கு முழுமையாக எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த கூட்டுத்தொகையில் பாதி எடுத்துக்கொள்ளப்படும். இரண்டும் சேர்ந்து 200க்குக் கணக்காகும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே பயின்றோர்க்கு அவ்விரண்டின் சராசரி உயிரியலாகக் கொள்ளப்படும். உதாரணமாக, ஒரு மாணவி உயிரியலில் 94, இயற்பியலில் 78, வேதியியலில் 88 பெற்றாளென்க. பின்னிரண்டின் கூட்டுத்தொகை 166. அதிற் பாதி 83. ஆகவே அவளது மொத்தம் 177.

இக்கணக்கினின்றும் அறியத்தக்கது யாதெனில், உயிரியலில் ஒரு மதிப்பெண், இயற்பியலிலோ வேதியியலிலோ பெறும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதே. இதனைக் கேட்டவுடன் சிலர் உயிரியலையே இரவும் பகலும் பயின்று மற்றவற்றைக் கைவிடுவர். அது பிழை. மேற்கூறிய மாணவி உயிரியலில் எவ்வளவு முயன்றாலும் மேலும் ஆறு மதிப்பெண்தான் ஏற முடியும். இயற்பியலிலோ 78இலிருந்து 94க்கு ஏறினால் அவளது கணக்கில் எட்டு மதிப்பெண் கூடும். எங்கே ஏறுதற்கு இடமிருக்கிறதோ அங்கே உழைப்பைச் செலுத்துதல் அறிவுடைமை. அன்றியும், மாநிலப் பாடத்திட்டத்தில் இம்மூன்று பாடங்கள் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மதிப்பெண் வகுக்கப்பட்டுள்ளது. இந்தச் செய்முறையும் அகமதிப்பீடுமாகிய முப்பது, ஆண்டு முழுவதும் ஒழுங்காய் வந்து ஒழுங்காய்ச் செய்வோர்க்கு உரியது. இறுதி மாதத்தில் விழித்துக்கொள்வோர்க்கு அது எளிதில் கிட்டாது.

நீட் தேர்வோ வேறு இயல்புடையது. அதில் 720 மதிப்பெண்ணில் சரிபாதி உயிரியலுக்குரியது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறைக்கப்படும். ஆகையால் அறியாததை ஊகித்து எழுதுதல் கேடு விளைக்கும். மருத்துவப் படிப்பை நாடாதவரும் இத்தேர்வை எழுதுவது நன்று; கால்நடை மருத்துவத்தின் இரண்டாம் வாயில் அதனாலன்றித் திறவாது.

அடுத்தது சான்றிதழ்களைப் பற்றியது. இதனை அற்பமென்று கருதற்க. வகுப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வெளிமாநிலத்திற் பயின்றோர்க்கு இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதற் பட்டதாரியாகப் போவோர்க்கு அதற்குரிய சான்று ஆகிய இவற்றையெல்லாம் தேர்வு முடிவு வெளிவருமுன்பே சேர்த்து வைத்தல் வேண்டும். ஒரு சான்றில் தந்தையின் பெயர் முதலெழுத்து முன்னும், மற்றொன்றிற் பின்னும், இன்னொன்றில் இல்லாமலும் இருப்பதுண்டு. இச்சிறு பேதத்தைத் திருத்துவதற்குத் தாலுகா அலுவலகத்திற்குப் பன்முறை நடக்க நேரிடும். விண்ணப்பத்திற்குரிய நாளோ நமக்காகக் காத்திராது.

நம் போன்ற மிஷன் நிறுவனங்களைச் சார்ந்தோர் தனியே கவனிக்க வேண்டியவை இரண்டுண்டு. முதலாவது: 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கே அது உரியது. அரசாங்க உதவி பெறும் பள்ளி, அரசுப் பள்ளியாகக் கொள்ளப்படுவதில்லை. மிஷன் பள்ளிகளில் மிகப் பல, உதவி பெறும் பள்ளிகளே. ஆதலால் அவற்றிற் பயின்றோர் தமக்கு இம்முன்னுரிமை உண்டென நம்பி ஏமாறுதல் கூடாது. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை பயின்ற பிள்ளையை இறுதி மூன்றாண்டுகளுக்கு வேறு பள்ளிக்கு மாற்ற எண்ணும் பெற்றோரும் இதனை ஆராய்ந்தபின் மாற்றுவார்களாக. இரண்டாவது: ஆதி திராவிடர் மரபினராய்க் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய குடும்பத்தார், இப்போதுள்ள சட்டப்படி, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிற் சேர்க்கப்படுகின்றனர். இந்நிலை நீதியானதா என்பது நெடுங்காலமாய் நடக்கும் வழக்கு. அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. எனினும் விண்ணப்பத்தில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றுமாக இருக்குமாயின் இடர் விளைவது திண்ணம்.

தரவரிசைப் பட்டியல் வெளியானபின் கலந்தாய்வு நடைபெறும். அப்போது ஏழு கல்லூரிகளையும் தாம் விரும்பும் வரிசையில் எழுதுக. சென்னையையும் நாமக்கல்லையும் மட்டும் எழுதி, மற்றவற்றைப் புதியன என்று ஒதுக்குவோர் கைக்கு வந்த இடத்தைத் தாமே தள்ளுவோராவர். பாடமும் பட்டமும் எங்கும் ஒன்றே. முதற் சுற்றில் இடம் கிடையாதவர் உடனே நம்பிக்கை இழத்தலும் வேண்டா. மனித மருத்துவத்தில் இடம் பெற்றுச் செல்வோர் விட்டுச்செல்லும் இடங்கள் பின்னர் வெற்றிடமாகும். அடுத்த சுற்றுகளில் பட்டியல் கீழிறங்கும். அறிவிப்புகளை நாள்தோறும் பார்த்து வருவோர்க்கே அவ்விடங்கள் பயன்படும். இடையே, "இவ்வளவு பணம் தந்தால் இடம் வாங்கித் தருவேன்" என்று வருவோரைக் கண்டால் வாயிலிலேயே திருப்பி அனுப்புக.

இனி, நம் வகுப்பறையில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: "கிடைத்த பட்டப்படிப்பை விட்டுவிட்டு ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் முயலலாமா?" இதற்கு நாம் கூறும் விடை இது. பள்ளியிறுதி மதிப்பெண் ஒருமுறை அமைந்தபின் மாறுவது அரிது. ஆகவே வீட்டிலிருந்து பயில்வதால் மாநில ஒதுக்கீட்டுக் கணக்கு உயராது; உயரக்கூடியது நீட் மதிப்பெண் ஒன்றே. சென்ற முறை நீட்டில் நூலிழையில் இடந்தவறியவர், குடும்பத்தின் பொருள்நிலை இடங்கொடுக்குமாயின், ஒருமுறை முயலலாம். வெகுதூரம் பின்தங்கியவர் அவ்வாறு செய்வது ஓராண்டை விலையாகக் கொடுத்துக் கனவை வாங்குவதாகும். மாநில ஒதுக்கீட்டில் சிறிதளவால் தவறியவரோ, படிப்பை விடாமலே, அடுத்த ஆண்டுக் கையேட்டின் விதிகளை நோக்கி மறுமுறை விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் இறுதி மதிப்பெண் சற்றே ஏறியும் இறங்கியும் வருவதுண்டு. இளங்கலைப் பட்டம் பெற்றபின் கால்நடை மருத்துவத்தில் நடுவே சேரலாம் என்று சிலர் நம்புகின்றனர். அத்தகைய வழி இல்லை.

இடம் கிடையாதோர்க்கு விலங்குலகின் கதவுகள் அனைத்தும் அடைபட்டுவிட்டன என்று எண்ணற்க. அதே பல்கலைக்கழகத்தில் கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய பட்டப்படிப்புகள் உள. மீன்வளக் கல்விக்கும் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. விலங்கியலைச் செவ்வனே பயின்றவர் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், வனவிலங்கு ஆராய்ச்சி முதலியவற்றிற் புகுந்து கால்நடைக்கும் மனிதருக்கும் பெருந்தொண்டு செய்யலாம்.

வெக்கை நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய கொள்ளைநோய், ஒருகாலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்தது. அந்நோய் உலகினின்றே ஒழிந்துவிட்டதென்று 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் முற்றும் ஒழிந்த நோய் இதுவே. அவ்வெற்றியைத் தந்தவர்களுட் பெரும்பாலோர் பெயர் அறியப்படாதவர்கள். ஊர் ஊராய் நடந்து, தொழுவம் தொழுவமாய் ஊசி போட்ட கால்நடை மருத்துவரும் உதவியாளருமே. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நாம் நம் ஆலயத்திற் பன்முறை கேட்டிருக்கிறோம். அத்தகைய பணிக்கு மனமொப்பி முன்வரும் மாணவன் ஒருவன், ஒரு சான்றிதழ் இல்லாமையாலோ, ஒரு தேதியை மறந்தமையாலோ வாயிலில் நின்று திரும்புதல் தகாது. ஆதலால் இதனை வாசிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் தம் ஊரில் மேனிலை வகுப்பிற் பயிலும் ஒரு பிள்ளைக்கேனும் இவற்றை எடுத்துரைப்பாராக. அதுவும் இவ்வாண்டுத் தேர்வு முடிந்தபின் அன்று, இப்போதே.