ஒரே சீட்டுக்கு இரண்டு டிக்கெட் வராமல் தடுப்பது எப்படி? புரோகிராமிங் கற்பவர்களுக்கு ஒரு முதல் பாடம்

“தம்பி, இது என் சீட்.”

“இல்லண்ணே, என் டிக்கெட்லயும் சி-4னுதான் போட்டிருக்கு.”

படம் தொடங்கும் நேரத்தில் தியேட்டருக்குள் இப்படி ஒரு தகராறு வந்தால், தவறு அந்த இருவர் மீதும் இல்லை. டிக்கெட் கொடுத்த இடத்தில், ‘இந்த சீட் ஏற்கெனவே போய்விட்டதா?’ என்று பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

புரோகிராமிங் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் ஒன்று, சீட் புக்கிங் புரோகிராம். இரு பரிமாண அரே, கிளாஸ் என்ற இரண்டு பாடங்களையும் அது ஒன்றாகச் சேர்க்கிறது. தனித்தனியாகப் படிக்கும்போது புரிந்த மாதிரி இருக்கும். சேர்த்து எழுதும்போதுதான் தடுமாற்றம் தொடங்கும்.

கட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது

5 வரிசை, வரிசைக்கு 8 சீட் என ஒரு சின்ன தியேட்டரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 40 சீட். நாற்பதுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து எழுதினால் புரோகிராம் நீண்டுகொண்டே போகும். அதற்குப் பதில், நோட்டில் கட்டம் போடுவதுபோல 5 வரிசையும் 8 பத்தியும் கொண்ட ஒரே அட்டவணை போதும். அதுதான் இரு பரிமாண அரே. நம் பாடநூல்கள் ‘இருபரிமாண அணி’ என்கின்றன. கட்டத்தில் 0 இருந்தால் காலி, 1 இருந்தால் புக் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் பார்வையாளர் 1 முதல் எண்ணுகிறார். ஜாவா, பைத்தான், சி++ போன்ற மொழிகள் 0 முதல் எண்ணுகின்றன. எனவே சி-4 என்பது கணினிக்கு வரிசை 2, பத்தி 3. எழுத்தை எண்ணாக்குவதும் எளிது. ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தின் குறியீட்டு எண் 65, ‘சி’யின் எண் 67. கழித்தால் 2.

இங்கேதான் ஒரு பொறி. யாராவது சீட் எண் 0 என்று தட்டினால், 1 கழித்ததும் -1 வரும். ஜாவா பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானோ -1 என்றால் ‘கடைசி’ என்று எடுத்துக்கொண்டு, கேட்காத 8-ம் சீட்டைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும்.

ஒரு சீட் கேட்டால் ஐந்து போவது ஏன்?

பைத்தான் கற்பவர்கள் பலரைக் குழப்பும் இன்னொரு பிழையும் உண்டு. எட்டு பூஜ்ஜியங்கள் கொண்ட ஒரு வரிசையை உருவாக்கி, அதை 5-ஆல் பெருக்கினால் ஐந்து வரிசை கிடைக்கும் என்று நினைப்பார்கள். திரையில் பார்த்தாலும் சரியாகவே தெரியும். ஆனால் சி-4 புக் செய்ததும், ஏ-4 முதல் இ-4 வரை ஐந்துமே நிரம்பிவிடும்.

காரணம், உள்ளே இருப்பது ஒரே வரிசைதான். ஒரே ஆளை ஐந்து பெயரில் கூப்பிடுவது போன்றது அது. ஒவ்வொரு வரிசையையும் லூப்புக்குள் புதிதாக உருவாக்கினால் சிக்கல் தீரும்.

கிளாஸ் என்பது டிக்கெட் கவுன்ட்டர்

அரே மட்டும் வைத்தே புரோகிராமை ஓட்டிவிடலாமே, கிளாஸ் எதற்கு? கேள்வி நியாயமானதுதான். புக் செய்வது, ரத்து செய்வது, காலி இடம் காட்டுவது என எல்லாப் பகுதிகளும் அரேயை நேரடியாகத் தொட்டால், ஏதாவது ஓரிடத்தில் சரிபார்க்க மறந்தாலும் போதும். சி-4 தகராறு தயார்.

கவுன்ட்டரில் டிக்கெட் வாங்குபவர், உள்ளே கை விட்டு சார்ட்டில் தானே டிக் அடிப்பதில்லை. கேட்கிறார், ஊழியர் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார், அல்லது ‘இல்லை’ என்கிறார். கிளாஸ் செய்வதும் இதைத்தான். அரே உள்ளே இருக்கும். வெளியிலிருந்து வருபவர்கள் மெத்தட் வழியாக மட்டுமே பேச வேண்டும். புக் செய்யும் மெத்தட் மூன்று வேலைகளை இதே வரிசையில் செய்யும்: அப்படியொரு சீட் இருக்கிறதா? அது காலியா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டும் குறி.

ஜாவாவிலும் சி++-லும் அரேயை ‘பிரைவேட்’ என்று அறிவித்துப் பூட்டலாம். பைத்தானில் பெயருக்கு முன்னால் அடிக்கோடு போடுவது ‘தொடாதீர்கள்’ என்ற வேண்டுகோள்தான்; பூட்டு அல்ல.

குடும்பமாக நான்கு சீட் கேட்டால்? நான்கும் காலியா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் குறிக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனால், மூன்றாவது சீட் கிடைக்காதபோது முதல் இரண்டும் வீணாக மாட்டிக்கொள்ளும்.

மேட்னிக்கும் மாலைக் காட்சிக்கும் ஒரே சார்ட்டா?

கிளாஸ் ஒரு அச்சு. அதிலிருந்து மேட்னிக்கு ஒரு ஆப்ஜெக்ட், மாலைக் காட்சிக்கு ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி சார்ட் இருக்க வேண்டும். பைத்தானில் அரேயை, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் தொடக்க மெத்தடுக்குள் வைக்காமல் கிளாஸின் உடலில் நேரடியாக எழுதினால், எல்லாக் காட்சிகளும் ஒரே சார்ட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஜாவாவில் ‘ஸ்டாட்டிக்’ என்று போட்டாலும் அதே கதைதான். மேட்னி ஹவுஸ்ஃபுல் ஆனால் மாலைக் காட்சியும் ஹவுஸ்ஃபுல்!

ஆன்லைன் புக்கிங்கில் இன்னும் ஒரு சிக்கல் சேரும். இரண்டு பேர் ஒரே நொடியில் சி-4-ஐத் தட்டினால், இருவருக்கும் ‘காலி’ என்றே பதில் போகலாம். பிறகு இருவருமே குறித்துவிடுவார்கள். அதனால் பார்ப்பதும் குறிப்பதும் இடைவெளி இல்லாத ஒரே செயலாக நடக்க வேண்டும். பணம் கட்டும் வரை சில நிமிடங்களுக்கு சீட்டைப் பிடித்துவைப்பதும் இதற்காகத்தான். சரிபார்ப்பது ஒரே மெத்தடில் இருந்தால், அந்தப் பாதுகாப்பையும் ஓரிடத்தில் சேர்த்தால் போதும். நாற்பது இடங்களில் தேட வேண்டியதில்லை.

எழுதிய புரோகிராம் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று: சி-4-ஐ இரண்டு முறை புக் செய்து பாருங்கள். இரண்டாவது முறை ‘இல்லை’ என்று வர வேண்டும். அதன்பின் சார்ட்டைக் காட்டச் சொன்னால், 40-ல் ஒரே ஒரு கட்டத்தில்தான் 1 இருக்க வேண்டும்.