வீட்டிலே பூகோள விளையாட்டு

தில்லியிலோ கொல்கத்தாவிலோ பிறந்து வளரும் ஒரு தமிழ்க் குழந்தையிடம், பிரான்ஸ் தேசத்தின் தலைநகர் எது என்று கேளுங்கள். விடை உடனே வரும். உன் பாட்டியின் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது, கையை நீட்டிக் காட்டு என்று கேட்டால் பெரும்பாலும் விழிக்கும். பெயர்களை ஒப்பிப்பது பூகோளமாகாது. தான் நிற்கும் இடத்துக்கும் பிற இடங்களுக்கும் உள்ள உறவை உணர்வதே பூகோளம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இது பள்ளிப்பாடத்தோடு முடிகிற செய்தியன்று. சொந்த ஊர் என்பது, விடுமுறையில் இரயிலேறிப் போய்வரும் ஏதோ ஓரிடம் என்ற அளவிலேயே குழந்தையின் மனத்தில் தேய்ந்துவிடக் கூடும். ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இவ்வறிவை விளையாட்டாகவே ஊட்டலாம், நேயர்களே. வேண்டிய பொருள்கள் யாவும் வீட்டிலேயே உள்ளன.

முதலில் வீட்டின் படத்தைத் தரையில் வரையச் சொல்லுங்கள். கோலமாவு போதும். குழந்தை கூடத்தைக் காலடியால் அளக்கட்டும். பத்துக் காலடிக்கு ஒரு சாண் என்று கோடு இழுக்கட்டும். அடுப்பு, கட்டில், வாசற்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை. சூரியன் உதிக்கும் பக்கத்தைக் கொண்டு நான்கு திசைகளையும் குறித்துவிடுங்கள். மறுநாள் தெருவின் படம். அதில் வீடு முழுவதற்கும் ஒரே கொட்டை. அதன்பின் இந்தியப் படம். அதில் தில்லி மாநகரமே ஒரு கொட்டை. நேற்றுக் கட்டிலாக இருந்த கொட்டை இன்று நகரமானது எப்படி என்று குழந்தையே கேட்கும். படத்தின் அளவை என்னும் கருத்தை இதைவிட எளிதாக விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

பூமி உருண்டை என்பதற்கு ஆரஞ்சுப் பழம் உதவும். அதன் தோலின்மேல் கண்டங்களைப் பேனாவினால் வரையட்டும். கோணல்மாணலாக இருந்தாலும் குற்றமில்லை. பிறகு தோலைக் கூடியவரை ஒரே துண்டாக உரித்துப் பலகைமேல் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழியாமல் படியாது. சுவரில் தொங்கும் உலகப்படமும் இவ்வாறு எங்கேயாவது இழுத்துச் சரிக்கட்டப்பட்டதே. 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் அமைந்த படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது என்றால் பெரியவர்களும் எளிதில் நம்புவதில்லை. பாடம் முடிந்தபின் பழத்தைத் தின்றுவிடலாம்.

அஞ்சறைப் பெட்டியும் ஒரு பாடநூலே. நாம் பயன்படுத்தும் பெருங்காயத்தின் பெரும்பகுதி ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வந்தபின் இங்கே பரவியது. மிளகோ நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து, உலகப்படத்தில் அதனதன் தாயகத்தில் ஒட்டச் செய்யுங்கள். ஆப்கானிஸ்தானத்தைக் குழந்தை மூக்கினாலேயே கண்டுபிடிக்கும்.

ஆயினும் இவையனைத்திலும் சிறந்தது நிழலை அளக்கும் விளையாட்டு என்பேன். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோலை மொட்டைமாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். நண்பகலை ஒட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் குழந்தை குறியிடட்டும். மிகக் குறுகிய நிழல் விழும் வேளையே அவ்விடத்தின் உண்மையான நண்பகல். நமது பொதுநேரம் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுத்ததாதலால், அதற்கு மேற்கிலுள்ள தில்லியில் அவ்வேளை பன்னிரண்டு மணிக்குப் பின்னரே வரும். சூரியன் உதிக்கும் இடம் மாதத்துக்கு மாதம் விலகும். இந்த நண்பகல் நிழலோ என்றும் வடக்கு தெற்காகவே கிடக்கும். முன்பு தரையில் குறித்த திசைகளை இதைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம்.

அதே நாளில் மதுரையிலுள்ள தாத்தாவோ மாமன் மகனோ அதே அளவுக் கோலை நட்டு, நிழலை அளந்து தொலைபேசியில் சொல்லட்டும். தில்லிக்கு ஏறக்குறைய நேர் தெற்கே மதுரை அமைந்திருப்பது இவ்விளையாட்டுக்கு வாய்த்த நற்பேறு. மார்ச்சு 21-ஆம் நாள் தில்லியில் நிழல் சுமார் 54 சென்டிமீட்டர் இருக்கும். மதுரையில் 17 தான். சூரியன் ஒன்று, கோலின் அளவு ஒன்று, நிழல் மட்டும் ஏன் வேறு? தட்டையான பலகையில் இரண்டு குண்டூசிகளை நட்டு வெயிலில் காட்டுங்கள், நிழல்கள் ஒத்திருக்கும். அவற்றையே ஆரஞ்சுப் பழத்தில், ஒன்றுக்கொன்று தள்ளிக் குத்திக் காட்டுங்கள், நிழல்கள் வேறுபடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தெனிஸ் என்னும் அறிஞர், எகிப்தின் இரு நகரங்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

ஜூன் 21-ஆம் நாள் மீண்டும் அளந்தால் வியப்பு மிகும். தில்லியில் நிழல் வடக்கே 9 சென்டிமீட்டர். மதுரையில் அது தெற்கே திரும்பி 24 சென்டிமீட்டர் விழும். அன்று சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. தில்லி அந்த ரேகைக்கு வடக்கே, மதுரை தெற்கே. ஆகவே, கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கோலையும் கொண்டுசெல்லுங்கள். நிழல் அடியோடு மறையும் நண்பகலைத் தில்லியில் ஒருநாளும் காண இயலாது. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் காணலாம். மும்பையில் வாழ்வோர் மழைக்கு முன்னரே, மே மாத நடுவில் காண்பர். கொல்கத்தாவில் அந்நாள் ஜூன் முதல் வாரத்தில் வரும். மேகம்தான் இடம்விட வேண்டும்.