உலாவியை மாற்றிப் பார்த்தல்

இணையப் பக்கம் என்பது உண்மையில் குறியீடுகள் விரவிய ஓர் எழுத்துக் கோப்பேயாகும். அதனைப் படித்து எழுத்தும் படமுமாகத் திரையில் விரித்துக் காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். 1990-ஆம் ஆண்டு செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை எழுதினார். இன்று நம்மில் பெரும்பாலோர், வாங்கிய கருவியில் எது இருந்ததோ அதனையே ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தி வருகின்றோம்.

மாற்ற விழைவோர் முதலில் அறிய வேண்டியது, பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் எஞ்சின் வேறாக இருப்பதில்லை என்பதாகும். கோப்பைப் படித்துப் பக்கமாக்கும் பணியினைச் செய்வது அந்த எஞ்சினே. குரோமின் எஞ்சின் பிளிங்க். ஓபரா தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2013-இல் அதன் பக்கம் சென்றது. மைக்ரோசாஃப்டின் எட்ஜும் 2020-இல் அவ்வாறே சென்றது. பிரேவ், விவால்டி ஆகியவையும் அதன்மீதே அமைந்தவை. வேறு எஞ்சின் கொண்டவற்றுள் நாம் நன்கறிந்தவை இரண்டு: கெக்கோவைக் கொண்ட ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட்டைக் கொண்ட ஆப்பிளின் சஃபாரி. இந்தியாவில் ஐபோன் வைத்திருப்போர் எதனை நிறுவினாலும் உள்ளே இயங்குவது வெப்கிட்தான்.

எஞ்சின் எதுவானால் நமக்கென்ன என்று கேட்கலாம். தமிழ் வாசகர் அக்கேள்வியைக் கேட்பது சற்று வியப்பே! இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கோலோச்சிய காலத்தில், 2001-இல் வந்த அதன் ஆறாம் பதிப்புக்குப் பின் ஏழாம் பதிப்பு வர 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. போட்டியில்லாத இடத்தில் அவசரமும் இல்லை. அக்காலத்தில் தமிழ் இதழ்கள் பல, எழுத்துருவைப் பக்கத்துடன் சேர்த்தனுப்பும் இயங்கு எழுத்துரு முறையைக் கையாண்டன. அதில் மைக்ரோசாஃப்ட் வகுத்த வடிவத்தை எக்ஸ்புளோரர் மட்டுமே ஏற்றது. ஆகவே, அந்த எழுத்துருவைத் தனியே நிறுவிக்கொள்ளாத பிற உலாவியினர்க்குத் தமிழ்ப் பக்கம் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றியது. ஒருங்குறி பரவிய பின்னரே அத்துன்பம் நீங்கியது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட மூல நிரலிலிருந்து வளர்ந்து, 2004 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ்தான் அந்தத் தனியாட்சியை அசைத்தது.

எனவே, மாற்றிப் பார்ப்பவர் ஃபயர்ஃபாக்ஸைத் தேர்வது பொருத்தம் என்பது என் கருத்து. பழையதை நீக்க வேண்டா. இரண்டும் அருகருகே இருக்கலாம். ஆயின் புதியதனை இயல்பு உலாவியாக அமைத்தாலன்றிச் சோதனை நடவாது. மின்னஞ்சலில் வரும் இணைப்பெல்லாம் பழைய இடத்திலேயே திறக்கும். புக்மார்க்குகளை இறக்குமதி வசதி கொண்டுவந்துவிடும். கடவுச்சொற்களை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துச் சேர்க்க நேரிடலாம். அக்கோப்பில் அவை மறைப்பின்றி, எவரும் படிக்கத்தக்கவாறு இருக்கும். வேலை முடிந்த கணமே அதனை அழித்துவிடுதல் வேண்டும். கல்லூரிக் கணிப்பொறியில் இதனைச் செய்யவே கூடாது.

சில தளங்கள் குரோமை மட்டும் எண்ணி அமைக்கப்பட்டிருப்பதால் முரண்டு பிடிக்கும். அவற்றுக்குப் பழைய உலாவியைத் திறந்துகொள்ளலாம். இரண்டு வாரம் பழகியும் ஒவ்வாவிடில், அமைப்புகள் பகுதிக்குச் சென்று முன்பிருந்ததையே மீண்டும் இயல்பு உலாவியாக்கிக்கொள்ளலாம்.