கரிசல் வட்டாரக் களப்பணியும் குழு உரையாடல் செயலிகளும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

பணியிடத் தகவல் தொடர்புக்கெனப் பல குழு உரையாடல் செயலிகள் இன்று வழக்கில் உள்ளன. அவற்றை ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் நகர அலுவலகத்தை மனத்திற்கொண்டு வசதிகளைப் பட்டியலிடுகின்றன. பணியிடமே பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் மானாவாரிப் பகுதிக்கு அவ்வொப்பீடு போதுமானதன்று. செய்தி யாரிடம் தங்குகிறது, பொருள்வாரியாகப் பிரிகிறதா, தமிழில் தேடினால் கிடைக்கிறதா என்னும் மூன்று வினாக்களின் அடிப்படையில் இச்செயலிகளை இக்கட்டுரை ஒப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: குழு உரையாடல், களப்பணி, மானாவாரி, ஆவணம், தமிழ்த் தேடல், வாட்ஸ்அப், அரட்டை, சூலிப்

முன்னுரை

செய்தியைப் பலர்க்கும் அறிவிக்கும் முறை தமிழ்ச் சமூகத்தில் தொன்மையானது. யானைமீது முரசேற்றி விழாவை அறிவித்தமையை மணிமேகலையின் விழாவறை காதை காட்டுகின்றது. அம்மரபின் எச்சமாக ஊர்தோறும் நிலைத்திருந்த தண்டோரா முறையைக் கைவிடுமாறு 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். முரசும் தண்டோராவும் ஒருவழிச் செய்திகள்; கேட்டவர் அங்கேயே மறுமொழி கூற இடமில்லை. கைப்பேசிக் குழுக்கள் அவ்விடத்தை நிரப்பியதோடு, அறிவிப்பு, விடை, சான்று, ஆணை ஆகிய நான்கையும் ஒரே திரையில் கலந்துவிட்டன. இக்கலப்பே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கலாகும்.

களத்தின் தன்மை

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் கரிசல் மண் மிகுந்தவை. குண்டாறு திருச்சுழி வழியே பாய்ந்தாலும் வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையுமே நம்பியுள்ளது. பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி முதலியன மானாவாரியாகப் பயிராகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையில் இயங்குகின்றது.

இங்குள்ள உதவி வேளாண்மை அலுவலருக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ பணியிடம் என்பது ஒரு மேசை அன்று. பல ஊர்களின் புஞ்சைகளும் கண்மாய்க் கரைகளுமாகும். செய்தி காலந்தாழ்ந்தால் ஏற்படும் இழப்பும் இங்கு வேறுவகையானது. மக்காச்சோளப் படைப்புழு 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழகத்திற்கும் பரவியது. இத்தகைய பூச்சி ஓர் ஊரில் தென்பட்ட செய்தி அடுத்த ஊரை அடைவதற்குள் குருத்து அழிந்துவிடக்கூடும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இடஞ்சார்ந்த இயற்கை இடர்களால் நேரும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் உழவர் தெரிவித்தல் வேண்டும். எனவே எந்நாள், எந்நேரம், யார், யாருக்குத் தெரிவித்தார் என்பது இழப்பீட்டைத் தீர்மானிக்கும் செய்தியாகிறது.

எண்வழிச் செயலியும் கணக்குவழிச் செயலியும்

உரையாடல் செயலிகளை முதலில் இரு வகையாகப் பகுத்தல் தகும். தனிமனிதரின் கைப்பேசி எண்ணை அடையாளமாகக் கொள்பவை ஒரு வகை. வாட்ஸ்அப், அரட்டை ஆகியவை இவ்வகையின. நிறுவனம் வழங்கும் கணக்கை அடையாளமாகக் கொள்பவை மற்றொரு வகை. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜோஹோ கிளிக், சூலிப், மேட்டர்மோஸ்ட் ஆகியவை இதனுள் அடங்கும்.

இப்பகுப்பு வேண்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021இல் அறிமுகமாகி 2025 செப்டம்பரில் பெருங்கவனம் பெற்ற அரட்டை, தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் படைப்பாகும். அது உள்நாட்டுச் செயலி என்பதால் அரசுப் பணிக்கு உகந்தது எனக் கருதுவது எளிது. ஆனால் அதே நிறுவனம் பணியிடத்திற்கென உருவாக்கியது கிளிக் என்னும் வேறொரு செயலியாகும். எந்நாட்டது என்பதும் எவ்வகையது என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பது இதனால் பெறப்படும்.

எண்வழிச் செயலியின் வலிமை அதன் பரவல். உழவர், நெசவாளர், கண்மாய்ப் பாசனதாரர் என எவருக்கும் புதுப் பயிற்சி தேவையில்லை. 2016இல் வாட்ஸ்அப் அனைத்துச் செய்திகளுக்கும் முனைமுதல் முனைவரையிலான மறையாக்கத்தை நடைமுறைப்படுத்தியது. வழியில் எவரும் படிக்க இயலாது. எனினும் அம்மறையாக்கம் அலுவலகத்திற்கு ஆவணக் காப்பகம் ஆகாது. செய்திகள் உறுப்பினர்தம் கைப்பேசிகளில் தங்குகின்றன. பணிமாறுதலில் செல்பவரோடு அவர்தம் கைப்பேசியும் செல்கிறது; புதிதாகப் பொறுப்பேற்பவர் குழுவின் முழு வரலாற்றையும் காண இயலாது. அனுப்பியவரே சுமார் இரண்டரை நாள் வரை தம் செய்தியை அனைவருக்கும் நீக்கிவிடலாம்; அதாவது காப்பீட்டின் 72 மணி நேரத்திற்குள்ளேயே ஒரு தகவல் தோன்றி மறையவும் கூடும். மேலும், வழக்கமான குழுவில் உறுப்பினர் எண்கள் ஏனையோருக்குத் தெரிகின்றன. களத்தில் பணிபுரியும் பெண்களுக்கு இது சிறு குறை அன்று.

கணக்குவழிச் செயலியில் கணக்கு பதவிக்குரியது. பொறுப்பேற்பவர் சேனலின் பழைய செய்திகளைக் காண்கிறார். பணி நேரம் கடந்தபின் அறிவிப்புகளை நிறுத்திவைக்கவும் இயலும். ஆனால் இவற்றிலும் வேறுபாடு உண்டு. 2014இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக், 2022 செப்டம்பர் முதல் கட்டணமில்லாத் திட்டத்தில் 90 நாள் செய்திகளை மட்டுமே காட்டுகின்றது. புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பருத்தியின் பறிப்பு மாசி, பங்குனி வரை நீளும் நிலத்தில், 90 நாள் நினைவு ஒரு வெள்ளாமைக்கும் போதாது. 2017இல் வெளிவந்த டீம்ஸ், ஆவணங்களோடும் காணொளிக் கூட்டங்களோடும் இணைந்த பெருந்தொகுதி. மாவட்டத் தலைமையிடத்திற்குப் பொருந்தும் அது, குறைந்த நினைவகக் கைப்பேசியும் தடைபடும் சமிக்ஞையும் உள்ள களத்திற்குச் சுமையாகலாம்.

பொருள்வாரிப் பகுப்பு: இழையின் பயன்

ஒரே பொருள் பற்றிய செய்திகளின் தொடர்ச்சியைத் தமிழ் இணையத்தார் ‘இழை’ என வழங்குவர். நெசவுத் தொழில் நிலைத்த அருப்புக்கோட்டையில் இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. இழை பிரியாத குழுவில் விதை இருப்பு, கூட்ட அறிவிப்பு, பண்டிகை வாழ்த்து ஆகியவற்றுக்கிடையே பூச்சித் தாக்குதல் செய்தி அமிழ்ந்துவிடும்.

ஸ்லாக், டீம்ஸ், கிளிக் ஆகியவற்றில் இழை உண்டு. ஆயினும் இழையில் எழுதுவதா வெளியில் எழுதுவதா என்பது எழுதுபவரின் விருப்பம். 2015இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்ட சூலிப் மாறுபட்ட முறையைக் கையாள்கின்றது. அதன் சேனல்களில் செய்திகள் தலைப்பின்கீழ் அமைகின்றன. தவறிய தலைப்பில் இட்ட செய்தியைப் பின்னர் உரிய தலைப்புக்கு மாற்றலாம். வயலிலிருந்து மாலையில் சமிக்ஞை எல்லைக்குத் திரும்பும் அலுவலர், நூறு செய்திகளை வரிசையாகப் படிக்காமல் ‘படைப்புழு’ என்னும் தலைப்பை மட்டும் திறக்க இயலும். உடனுக்குடன் இணைப்பில் இருக்க இயலாதவர்க்கு இம்முறை பெரிதும் ஏற்றது எனலாம்.

தமிழில் தேடல்

செய்தி சேமிக்கப்படுவது வேறு. மீண்டும் கிடைப்பது வேறு. தமிழின் ஒட்டுநிலை அமைப்பும் ஒருங்குறியின் எழுத்தமைப்பும் தேடலில் இடர் விளைக்கின்றன. ‘குளம்’ எனத் தேடினால் ‘குளத்தில்’, ‘குளங்கள்’ என்பன எழுத்துப் பொருத்தத்தில் அகப்படா, மகரமெய் அங்கில்லை. ‘கண்மாய்’ எனத் தேடினால் ‘கண்மாய்க்கு’ கிடைக்கும், ‘கண்மாயில்’ கிடைக்காது. ஒருங்குறியில் புள்ளி தனிக் குறியீடாக நிற்பதும், உயிர்மெய்யாகும்போது அது நீங்கி உயிர்க்குறி அமைவதும் இதற்குக் காரணம். எழுத்துத்தொடரைப் பொருத்தித் தேடும் செயலியில் இறுதிப் புள்ளியை விடுத்துக் ‘கண்மாய’ எனத் தேடினால் இரு வடிவங்களும் அகப்படும். முழுச்சொல்லாகப் பொருத்தும் செயலியில் இவ்வுத்தி பயன்படாது.

இதற்குத் தீர்வு சொல்லடி காணும் நிரலாகும். 2019இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பில் தமிழுக்கான சொல்லடி நிரல் இணைக்கப்பட்டது. மேட்டர்மோஸ்ட், சூலிப் ஆகியவை இத்தரவுத்தளத்தின்மீது இயங்குவன. நிறுவனத்தின் சொந்த வழங்கியில் நிறுவத்தக்கன. ஆதலால் தமிழ்த் தேடலைச் செப்பனிடும் வாய்ப்பு நிறுவுவோர் கையில் உள்ளது. மூடிய மென்பொருளில் அவ்வாய்ப்பு இல்லை. குரல்வழிச் செய்திகளும், ஆங்கில எழுத்தில் தட்டச்சிடும் தமிழும் இத்தேடலுக்குப் புறம்பாகவே நிற்கும். ஆதலின் குரல்வழி வந்த செய்திக்கு ஒருவரித் தமிழ்க் குறிப்பு சேர்த்தல் நலம்.

சட்டமும் ஆவணமும்

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956 தமிழை ஆட்சிமொழியாக்கியது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, ‘தகவல்’ என்பதனுள் மின்னஞ்சலையும் மின்னணு வடிவிலான பொருளையும் அடக்குகின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்பதற்குரிய சான்றிதழை வேண்டுகின்றது. தனியார் கைப்பேசிகளில் சிதறிய செய்திகளுக்கு அத்தகைய சான்றிதழ் பெறுதல் அரிது. பிரெஞ்சு அரசு 2019இல் தன் ஊழியர்க்கெனத் திறமூல அடிப்படையில் ‘சாப்’ என்னும் செயலியை நிறுவியதும், இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் ‘சந்தேஷ்’ செயலியை உருவாக்கியதும் அரசுச் செய்தி அரசிடமே தங்கவேண்டும் என்னும் எண்ணத்தின் வெளிப்பாடுகளே.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. உழவரை எட்டுவதற்கு எண்வழிச் செயலியே இன்று ஏற்றது. அலுவலக நினைவுக்குக் கணக்குவழிச் செயலியே ஏற்றது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் பணியைச் செய்விப்பதே குழப்பத்தின் தோற்றுவாய். ஆதலால் குழுவில் வந்த சேதத் தகவலை அன்றே நாள், நேரம், ஊர், சர்வே எண் ஆகியவற்றோடு அலுவலகக் கணக்கில் உரிய தலைப்பின்கீழ்ப் பதிதல் வேண்டும். சொந்த வழங்கி வைத்துப் பேணும் ஆள்வலிமை வட்டார அளவில் அரிதாகையால், அது மாவட்ட அளவிலேயே அமைதல் பொருந்தும். செயலியைத் தெரிவுசெய்யுமுன் அதில் தமிழ்த் தேடலைச் சோதித்தல் ஆட்சிமொழி நடைமுறையின் ஒரு கூறாதல் வேண்டும். தமிழ்க் கணிமை ஆய்வாளர் செய்யத்தக்க பணி இங்கு நிரம்ப உண்டு. ‘கண்மாயில் உடைப்பு’ என ஒருவர் எழுதியதைக் ‘கண்மாய்’ எனத் தேடும் மற்றொருவர் காண இயலாதவரை, அச்செய்தி இருந்தும் இல்லாததேயாகும்.