கோப்பி விரியன் கடி: பிள்ளையின் இரத்தமும் சிறுநீரகமும் ஒருசேரக் கெடும்போது

மாவனல்லை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரத்தடிச் சருகிலும் தேயிலைச் செடியின் தூரிலும் சுருண்டு கிடக்கும் மண்ணிறப் பாம்பு கோப்பி விரியன். சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். அரை மீற்றருக்கு மேல் வளர்வது அரிது. இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் பெரும்பங்கு இதனுடையதுதான். சின்னப் பாம்பு, வீக்கம் வற்றினால் சரி என்று லயன்களில் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் ஆபத்தானது.

கடிபட்ட பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமுமே வரும். ஆனால் 2008இல் வெளியான இலங்கை ஆய்வில், இப்பாம்பு கடித்த 302 பேரில் ஏறத்தாழ 39 வீதமானோருக்கு இரத்தம் உறைவதில் கோளாறு ஏற்பட்டது. 10 வீதமானோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஐவர் இறந்தனர்.

உடலில் என்ன நடக்கிறது?

விஷம் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டிச் செலவழித்துவிடுகிறது. பிறகு உண்மையான காயத்துக்கு அவை மிஞ்சுவதில்லை. முரசில் கசிவு, சிறுநீரில் இரத்தம், ஊசி குத்திய இடத்தில் நிற்காத ஒழுக்கு ஆகியவை தோன்றும். சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சிறு இரத்தக்கட்டிகள் அடைத்து, சிறுநீர் குறைகிறது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரிப்பார்கள். உறையாமல் ஓடினால் கோளாறு உறுதி. முதல் சோதனை சரியாக இருந்தாலும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும்.

மருந்து ஏன் இல்லை?

இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே தயாரிக்கப்படுகிறது. கோப்பி விரியனுக்கு அது பலன் தராது. கடும் ஒவ்வாமை மட்டும் வரக்கூடும். ஆகவே கடித்தது எந்தப் பாம்பு என்பதில்தான் சிகிச்சை தங்கியிருக்கிறது.

மிஞ்சுவது உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை. இதில்தான் பிள்ளை வைத்தியர்களுக்கு இக்கட்டு. இரத்தக் கசிவு இருந்தால் உறையவைக்கும் புரதங்கள் உள்ள பிளாஸ்மா ஏற்றலாம். ஆனால் சிறுநீர் போகாத பிள்ளைக்கு அந்தத் திரவமே நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டும். டயலிசிஸ் செய்யக் குழாய் பொருத்த வேண்டும். உறையாத இரத்தத்தோடு அதைச் செய்தால் கசிவு பெருகும். எனவே எதை முதலில், எவ்வளவு என்று மணிக்கணக்கில் அளந்து தீர்மானிக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் டயலிசிஸ் கைகொடுக்கும். கசிவு வரும் என்பதால் தசையில் ஊசி போடுவதில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது

கடிபட்ட காலை இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். பிள்ளையை நடக்கவிடாதீர்கள். பாம்பைப் பிடிக்க முயலாமல், முடிந்தால் தூரத்திலிருந்து தொலைபேசியில் படமெடுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கொடுக்காதீர்கள். அவை கசிவையும் சிறுநீரகச் சேதத்தையும் கூட்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீடு திரும்பிய பிறகும் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். சிலருக்குச் சிறுநீரகம் முழுமையாக மீள்வதில்லை. சிறுநீர் குறைந்தாலோ, நிறம் மாறினாலோ, முகம் வீங்கினாலோ, அன்றைய நாட்கூலியைப் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.