கர்ப்பிணிகளும் உடலுழைப்பும்

திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குச் செல்லும் சாலையில் ஏர்பேடு என்னும் ஊர் உள்ளது. 2022-ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இங்கு வளாகங்கள் அமைத்துள்ளன. வளாகங்களுக்கு அப்பால் நெல்லும் நிலக்கடலையும் விளையும் வயல்கள். ஆகவே நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் கர்ப்பிணியையும், குனிந்து நாற்று நடும் கர்ப்பிணியையும் இவ்வட்டாரத்தில் ஒருங்கே காணலாம். “கர்ப்ப காலத்தில் உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும்” என்னும் அறிவுரையை இவ்விருவருக்கும் ஒரே விதமாகக் கூறலாமா?

கருவுற்ற மாதின் உடலில் நிகழும் மாறுதல்களை முதலில் நோக்குவோம். ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு அதிகரிக்கிறது. சிவப்பணுக்கள் அவ்வளவு பெருகுவதில்லை. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உயர்கிறது. மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. ஓய்ந்திருக்கும் வேளையிலும் அவள் இதயம் வேலை செய்துகொண்டே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

அமர்ந்து பணிபுரிவோருக்கு உடற்பயிற்சி நன்மையே தரும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மருத்துவத் தடை ஏதும் இல்லாத கர்ப்பிணி வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உழைப்பில் ஈடுபடுதல் வேண்டும். நடந்துகொண்டே தடையின்றிப் பேச முடியுமானால் அது மிதமான வேகம் எனக் கொள்ளலாம். இதனால் கர்ப்பகால நீரிழிவும், ரத்த அழுத்தக் கோளாறும் தோன்றும் வாய்ப்பு குறைகிறது. நீரிழிவைக் கண்டறிய நம் நாட்டில் கையாளப்படும் எளிய முறை சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் முயற்சியால் பரவியது. 75 கிராம் குளுக்கோஸைப் பருகச் செய்து 2 மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது, 100 மில்லிலிட்டரில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பின் நோய் உண்டென்று கொள்வர்.

வயலில் உழைப்பவளின் நிலை வேறு. புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளின் உணவையும் அன்றாட வேலைகளையும் ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தனர். வயல் வேலை, நீர் சுமத்தல், துணி துவைத்தல் ஆகிய யாவும் அக்கணக்கில் அடங்கின. உழைப்பு மிகுந்த தாய்மாரின் சிசுக்கள் சராசரியில் எடை குறைந்தும், தலைச் சுற்றளவு சிறுத்தும் இருந்தமை 2003-இல் வெளியாயிற்று. கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்ட தாய்மாரின் சிசுக்கள் சற்றுப் பெரியவையாக இருந்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கடைசி மாதங்களில் நன்றாக வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் ஆகும் என்று வீட்டுப் பெரியோர் சொல்வதுண்டு. நாள் முழுதும் குனிந்து களை பறித்து வீடு திரும்பும் மருமகளிடம் அதைச் சொல்லாதிருப்பது நலம்.

உழைப்போடு வெப்பமும் சேர்ந்தால் கேடு பெருகும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவு நேரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. வெயில் காலத்தில் 40 டிகிரியையும் தாண்டும் ராயலசீமைப் பகுதிக்கு இம்முடிவு அந்நியமன்று. வேலையை விடியற்காலைக்கு மாற்றுதல், நிழலில் அடிக்கடி இளைப்பாறுதல், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துதல் ஆகியவை செலவில்லாத பாதுகாப்புகள்.

உணவைப் பொறுத்தவரை, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு. இது பெரிய விருந்தன்று. ஏறக்குறைய 60 கிராம் நிலக்கடலை இதனை ஈடு செய்யும். அத்துடன் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையை 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அதனை உண்ட கையோடு தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறைந்துவிடும்.

உதிரப்போக்கு, நீர் கசிதல், கண் மங்கலுடன் கூடிய கடும் தலைவலி, முகவீக்கம், மார்புவலி, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் வேலையையோ பயிற்சியையோ அக்கணமே நிறுத்தி மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிரசவத்திற்கு முந்திய வாரங்களில் கர்ப்பிணி கோரினால் அவளுக்குக் கடின வேலை தரலாகாது என்றது. ஆயினும் நாளுக்கொரு வயலில் கூலிக்குச் செல்பவளுக்கு அச்சட்டம் எட்டவில்லை. அவளுடைய தண்ணீர்க் குடத்தை யார் சுமப்பது என்பதை அவள் வீட்டார்தான் முடிவு செய்கின்றனர்.