கேஜன் மசாலாக் கலவை

கேஜன் மசாலாக் கலவை என்பது ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் கேஜன் மக்களின் சமையலோடு தொடர்புபடுத்தப்படும் ஓர் உலர் மசாலாத் தூள் ஆகும். பாப்ரிக்கா எனப்படும் காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள், கெயின் மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், தைம், ஓரிகானோ, உப்பு ஆகியன இதன் முதன்மையான சேர்பொருட்கள். மீன், இறால், கோழி, பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, சோறு முதலியவற்றின் மேல் தூவியோ பூசியோ, சமைக்கும்போது சேர்த்தோ இது பயன்படுத்தப்படுகிறது.

இக்கலவைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே செய்முறை என்று எதுவும் இல்லை. இதன் பெயர் நெடிய வரலாறு உடைய ஒரு மக்களைக் குறித்தாலும், புட்டியில் அடைக்கப்பட்ட ஆயத்தத் தூளாக இது நாடெங்கும் பரவியது 1970களிலும் 1980களிலுமே ஆகும். கடைகளில் விற்கப்படும் கலவைகள் பலவற்றில் எடை அளவில் உப்பே முதலிடம் பெறுகிறது. இதனால் உணவில் காரத்தையும் மணத்தையும் கூட்ட விரும்புபவர், உப்பையும் சேர்த்தே கூட்ட நேர்கிறது. வீட்டில் தயாரிக்கும்போது உப்பைத் தனியே பிரித்து வைக்க முடியும் என்பதே வீட்டுக் கலவையின் முக்கியமான பயன் ஆகும்.

பெயர்

"கேஜன்" என்னும் சொல் "அகாடியன்" என்பதன் திரிபு. பிரெஞ்சு மொழியில் "அகாடியன்" என்ற சொல்லின் முதல் எழுத்து பேச்சு வழக்கில் மறைந்து "கேடியன்" என்றாகி, ஆங்கிலம் பேசுவோர் நாவில் "கேஜன்" என மருவியது.

வரலாறு

அகாடியாவிலிருந்து லூசியானாவுக்கு

அகாடியா என்பது இன்றைய கனடாவின் நோவா ஸ்கோசியா, நியூ பிரன்சுவிக், இளவரசர் எட்வர்டு தீவு ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய பழைய பிரெஞ்சுக் குடியேற்றம் ஆகும். அங்கு வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் மக்களைப் பிரித்தானியர் 1755 முதல் 1764 வரையான காலத்தில் வலுக்கட்டாயமாக வெளியேற்றினர். குடும்பங்கள் பிரிக்கப்பட்டன, பலர் கடற்பயணத்திலும் நோயாலும் இறந்தனர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் 1764ஆம் ஆண்டு முதல் லூசியானாவை அடைந்தனர். பிரான்சில் தங்கியிருந்த அகாடியருள் ஏறத்தாழ 1,600 பேர் 1785ஆம் ஆண்டில் ஏழு கப்பல்களில் லூசியானா வந்து சேர்ந்தனர். அப்போது அப்பகுதி எசுப்பானியாவின் ஆட்சியில் இருந்தது.

குளிர்ந்த வடபகுதியில் வாழ்ந்த அகாடியரின் உணவில் மிளகாய்க்கு இடம் இருக்கவில்லை. முட்டைக்கோசு, டர்னிப் கிழங்கு, பன்றி இறைச்சி, மீன் ஆகியவற்றைக் கொண்ட எளிய உணவையே அவர்கள் உண்டனர். லூசியானாவின் வெப்பமான சதுப்பு நிலங்களில் அவர்கள் அங்குள்ள தொல்குடியினர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர், எசுப்பானியர், கரிபியன் தீவுகளிலிருந்து வந்தோர் ஆகியோருடன் அருகருகே வாழ்ந்தனர். மிளகாய், வெண்டைக்காய், நெல் ஆகியன இந்த அயல் வாழ்வினூடாகவே கேஜன் சமையலில் இடம்பெற்றன. எனவே கேஜன் உணவின் காரம் புலம்பெயர்ந்தோர் எடுத்துச் சென்றது அன்று. சென்ற இடத்தில் கற்றுக்கொண்டது.

கேஜன் வீடுகளில் ஆயத்த மசாலாத் தூள் சமையலின் அடிப்படையாக இருக்கவில்லை. வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் ஆகிய மூன்றையும் நறுக்கி வதக்குவதே பல உணவுகளின் தொடக்கம். இம்மூன்றும் சேர்ந்து "புனித மூவர்" என வேடிக்கையாக அழைக்கப்படுகின்றன. இவற்றோடு உப்பு, மிளகு, கெயின் மிளகாய்த்தூள், பூண்டு ஆகியன தனித்தனியே, சமைப்பவரின் கைப்பக்குவத்துக்கு ஏற்பச் சேர்க்கப்பட்டன.

ஆயத்தக் கலவையின் தோற்றம்

லூசியானாவின் ஒப்பலூசசு நகரைச் சேர்ந்த டோனி சாஷரி 1972ஆம் ஆண்டில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அந்நூலில் இடம்பெற்ற மசாலாக் கலவைக்கு வரவேற்பு கிடைத்ததால், அதனைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தையும் அவர் தொடங்கினார்.

கேஜன் சமையலை உலகறியச் செய்தவர் என பால் புருடோம் (1940 - 2015) குறிப்பிடப்படுகிறார். ஒப்பலூசசு அருகே ஒரு கேஜன் உழவர் குடும்பத்தில் பதின்மூன்று பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்த இவர், 1979ஆம் ஆண்டில் நியூ ஓர்லியன்சு நகரில் தம் மனைவியுடன் ஓர் உணவகத்தைத் திறந்தார். அவ்வுணவகம் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கு அவர் அறிமுகப்படுத்திய "கருக்கிய செம்மீன்" என்னும் உணவு பெரும் புகழ் பெற்றது. உருக்கிய வெண்ணெயில் தோய்த்த மீன் துண்டின் மேல் மசாலாத் தூளை அடர்த்தியாகத் தூவி, மிகவும் சூடான வார்ப்பிரும்புச் சட்டியில் இட்டு எடுப்பதே இம்முறை. இது மரபான கேஜன் முறை அன்று. புருடோமின் உணவகத்தில் உருவான புதிய முறை. எனினும் லூசியானாவுக்கு வெளியே பலரும் இதனையே கேஜன் சமையலின் அடையாளமாகக் கருதலாயினர். புருடோமும் தம் கலவைகளைப் புட்டிகளில் விற்கத் தொடங்கினார்.

இந்தப் புகழ் மீனுக்குக் கேடாக அமைந்தது. தேவை திடீரெனப் பெருகியதால் மெக்சிக்கோ வளைகுடாவில் இந்த மீன் அளவுக்கு அதிகமாகப் பிடிக்கப்பட்டது. இதனால் 1980களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி அரசுக்கு உட்பட்ட வளைகுடாக் கடற்பரப்பில் இதன் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. இன்று உணவகங்களில் பரிமாறப்படும் கருக்கிய மீனுக்குப் பெரும்பாலும் வேறு மீன்களோ பண்ணையில் வளர்த்த மீன்களோ பயன்படுகின்றன.

கிரியோல் கலவையுடன் ஒப்பீடு

கேஜன் சமையல் லூசியானாவின் நாட்டுப்புறத்தையும், கிரியோல் சமையல் நியூ ஓர்லியன்சு நகரத்தையும் சார்ந்தவை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. கேஜன் கலவையில் மிளகு, மிளகாய் ஆகியவற்றின் காரம் முன்னிற்கும். கிரியோல் கலவையில் தைம், ஓரிகானோ, துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் போன்ற மூலிகைகள் கூடுதலாக இருக்கும். ஆனால் இந்த வேறுபாடு கண்டிப்பானது அன்று. கடைகளில் இரு பெயர்களிலும் ஏறத்தாழ ஒரே கலவை விற்கப்படுவதும் உண்டு.

சேர்பொருட்களும் அவற்றின் பணியும்

* பாப்ரிக்கா: கலவைக்குச் செந்நிறத்தையும் இலேசான இனிப்பையும் தருகிறது. இதன் காரம் பொதுவாக 1,000 இசுக்கோவில் அலகுகளுக்குக் குறைவு. புகையூட்டிய பாப்ரிக்காவைச் சேர்த்தால் விறகடுப்பில் சமைத்தது போன்ற மணம் கிடைக்கும்.
* கெயின் மிளகாய்த்தூள்: காரத்தின் முதன்மை மூலம். இதன் காரம் 30,000 முதல் 50,000 இசுக்கோவில் அலகுகள்.
* கருமிளகு, வெண்மிளகு: இரண்டும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஒரே கொடியின் காய்கள். முற்றிய பச்சைக் காயை உலர்த்தினால் கருமிளகு. பழுத்த காயை ஊறவைத்துத் தோல் நீக்கி உலர்த்தினால் வெண்மிளகு. மிளகாயின் காரத்துக்குக் கேப்சைசினும், மிளகின் காரத்துக்குப் பைப்பெரினும் காரணம். இவை இரண்டும் வாயில் வெவ்வேறு விதமாக உணரப்படுவதால், மூவகைக் காரத்தையும் சிறிது சிறிதாகச் சேர்ப்பது ஒன்றை மட்டும் மிகுதியாகச் சேர்ப்பதை விடச் சிறந்த சுவை தரும்.
* பூண்டுத்தூள், வெங்காயத்தூள்: கலவைக்கு அடிச்சுவை தருபவை. பச்சைப் பூண்டையோ வெங்காயத்தையோ அரைத்துச் சேர்த்தால் ஈரத்தால் கலவை கெட்டுவிடும்.
* தைம், ஓரிகானோ: உலர்ந்த இலைகளாகச் சேர்க்கப்படுகின்றன. தைமின் மணத்துக்குக் காரணமான தைமால் என்னும் பொருள் ஓமத்திலும் உண்டு. ஆகையால் இம்மணம் தமிழர்களுக்கு முற்றிலும் புதியது அன்று.
* உப்பு: சுவையைக் கூட்டும். ஆயினும் கலவையின் மணத்துக்கோ நிறத்துக்கோ இது தேவையில்லை.

கம்போ என்னும் குழம்பில் சேர்க்கப்படும் சசாபிராசு இலைத்தூள் இக்கலவையின் பகுதி அன்று. அது குழம்பைக் கெட்டியாக்குவதற்காகத் தனியே சேர்க்கப்படுவது. சோக்டா தொல்குடியினரிடமிருந்து பெறப்பட்டது.

வீட்டில் தயாரிக்கும் முறை

பின்வரும் அளவுகளில் அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூடுதலாகக் கலவை கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மில்லிலீட்டர் ஆகும்.

* பாப்ரிக்கா - 3 மேசைக்கரண்டி
* பூண்டுத்தூள் - 2 மேசைக்கரண்டி
* வெங்காயத்தூள் - 1 மேசைக்கரண்டி
* கெயின் மிளகாய்த்தூள் - 2 தேக்கரண்டி
* கருமிளகுத்தூள் - 1 மேசைக்கரண்டி
* வெண்மிளகுத்தூள் - 1 தேக்கரண்டி
* உலர்ந்த தைம் - 1 மேசைக்கரண்டி
* உலர்ந்த ஓரிகானோ - 1 மேசைக்கரண்டி

செய்முறை:

1. பாத்திரம், கரண்டி, புட்டி ஆகிய அனைத்தும் ஈரமின்றி இருத்தல் வேண்டும்.
2. தைம், ஓரிகானோ இலைகளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கவோ உரலில் இட்டு இலேசாக இடிக்கவோ வேண்டும். இலைகள் பெரியவையாக இருந்தால் தூளிலிருந்து பிரிந்து மேலே தங்கிவிடும்.
3. பூண்டுத்தூளிலும் வெங்காயத்தூளிலும் கட்டிகள் இருந்தால் சலித்துக்கொள்ள வேண்டும்.
4. அனைத்தையும் நன்கு கலந்து, காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் அடைக்க வேண்டும்.
5. ஒரு நாள் கழித்துப் பயன்படுத்தினால் மணங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

மிளகைப் புதிதாக இடித்துச் சேர்ப்பது சிறந்தது. பாப்ரிக்கா கிடைக்காத இடங்களில் காசுமீரி மிளகாய்த்தூளைப் பயன்படுத்தலாம். அது பாப்ரிக்காவை விடக் காரமானது என்பதால், அப்போது கெயின் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைக்க வேண்டும். காரம் உண்ணாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கெயின் மிளகாய்த்தூளை முற்றிலும் தவிர்த்தும் தயாரிக்கலாம்.

உப்பின் அளவு

உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரைப்படி வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும். ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஏறத்தாழ 6 கிராம் எடை கொண்டது. ஒரு கலவையின் கன அளவில் பாதி உப்பு எனக் கொண்டால், அதன் ஒரு தேக்கரண்டியிலேயே ஏறத்தாழ 3 கிராம் உப்பு இருக்கும். இது ஒரு நாளுக்கான உச்ச அளவில் பாதிக்கும் மேல் ஆகும். வெண்ணெய், பதப்படுத்திய இறைச்சி, கடையில் வாங்கிய சாறு ஆகியவற்றில் உள்ள உப்பு இதற்கு மேலதிகம்.

ஐக்கிய அமெரிக்காவில் உணவுப் பொதிகளின் மேல் சேர்பொருட்கள் எடை அளவில் இறங்குவரிசையில் அச்சிடப்பட வேண்டும். எனவே பட்டியலின் முதற்சொல்லைப் பார்த்தாலே எப்பொருள் மிகுதி என்பதை அறியலாம்.

மேலே தரப்பட்ட செய்முறையில் உப்பு சேர்க்கப்படவில்லை. சமைக்கும்போது உப்பைத் தனியே இட்டுக்கொள்ளலாம். கலவையிலேயே உப்பு வேண்டுபவர்கள் மேற்கண்ட அளவுக்கு 1 மேசைக்கரண்டி சேர்க்கலாம். அப்போது ஒரு தேக்கரண்டிக் கலவையில் ஏறத்தாழ அரைக் கிராம் உப்பே இருக்கும். உயர் குருதி அழுத்தம் உடையோர் உள்ள வீடுகளில் உப்பற்ற கலவையே ஏற்றது. இந்நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ உப்புக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்த எண்ணுவோர் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். அது சிலருக்குத் தீங்கு விளைவிக்கும்.

பயன்பாடு

அரைக் கிலோகிராம் மீன் அல்லது இறைச்சிக்கு 2 முதல் 3 தேக்கரண்டிக் கலவை போதுமானது. ஜம்பலாயா என்னும் இறைச்சிச் சோறு, கம்போ, எத்துஃபே என்னும் இறால் குழம்பு ஆகியவற்றில் இதனை வெங்காயம் வதங்கும்போது சேர்ப்பர். வறுத்த உருளைக்கிழங்கு, சோளப்பொரி, அவித்த சோளக்கதிர் ஆகியவற்றின் மேல் தூவுவதும் உண்டு. ஓடுடன் கூடிய நன்னீர் இறாலையும் நண்டையும் அவிப்பதற்குப் பயன்படுவது கடுகு, மல்லி, பிரியாணி இலை ஆகியன சேர்ந்த வேறொரு கலவை ஆகும்.

"கருக்குதல்" என்பது தீய்த்தல் என்று பொருள்படாது. வெண்ணெயில் உள்ள பாற்பொருட்களும் மசாலாவும் கரும்பழுப்பு நிறம் அடைவதையே அது குறிக்கும். பாப்ரிக்காவில் சர்க்கரை இருப்பதால் அது விரைவில் கருகிக் கசப்பு ஏற்படும். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரிரு நிமிடங்களே போதும். தடித்த துண்டுகளை அடுப்பில் பழுப்பாக்கிய பின் மெல்லிய சூட்டில் வேகவைக்க வேண்டும். இம்முறையில் எழும் புகையில் மிளகாயின் காரம் கலந்திருப்பதால் கண் எரிச்சலும் இருமலும் உண்டாகும். காற்றோட்டம் உள்ள இடத்திலோ வீட்டுக்கு வெளியிலோ இதனைச் செய்வது நல்லது. ஆத்துமா நோயாளிகள் அருகில் இருத்தல் கூடாது.

பாதுகாத்தல்

பாப்ரிக்காவின் செந்நிறம் ஒளி பட்டால் வெளிறிவிடும். பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கட்டியாகும். இதனைத் தடுக்கவே வணிகக் கலவைகள் சிலவற்றில் சிலிக்கன் ஈரொட்சைட்டு சேர்க்கப்படுகிறது. வீட்டில் தயாரித்த கலவையை அடுப்பிலிருந்து விலக்கி, இருண்ட உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆறு மாதம் வரை மணம் குன்றாது இருக்கும். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் புட்டியைச் சாய்த்துத் தூவினால் நீராவி உட்சென்று கலவை கெடும். பச்சை மீனோ இறைச்சியோ பட்ட கையால் புட்டியைத் தொடாமல், தேவையான அளவைச் சிறு கிண்ணத்தில் முன்னரே எடுத்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் எஞ்சியதைப் புட்டியில் மீண்டும் சேர்த்தல் கூடாது.